சுவர் ஈரத்துக்கு எதில் காசு போடுவது? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

மாரி ஓய்ந்து மாசி வெயில் எறிக்கத் தொடங்கினால் ஹாட்வெயார் கடைகளில் இந்தப் பேச்சுக் காதில் விழும்: "சுவர் அடியில பெயின்ட் பொரிஞ்சு கழருது, எதை அடிச்சா நிக்கும்?" கடைக்காரரும் ஈரத்தைத் தடுக்கும் என்று எழுதிய வாளியொன்றைத் தூக்கி வைப்பார். அவரைக் குறை சொல்ல ஏலாது. அவரிடம் இருப்பது வாளிதான். வளவு மணலை அரை அடி வெட்டி இறக்குவதை யாரும் வாளியில் அடைத்து விற்பதில்லை. ஆனால் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பல ஈரச் சுவர்களுக்கு முதல் மருந்து மண்வெட்டிதான் என்பது என் எண்ணம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள்

எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நாட்களில் சில வளவுகளில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் அள்ளலாம். வீட்டின் அத்திவாரமும் அந்த ஈரத்துக்குள்தான் நிற்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிமண் நிலங்கள் கூடுதல், அங்கே தண்ணீர் வடியவும் சுணங்கும், சுவர் காயவும் சுணங்கும். போதாததற்குக் கடற்கரைப் பக்கம் மண்ணிலும் கிணற்று நீரிலும் உப்பு.

சுவருக்குத் தண்ணீர் மூன்று வழியில் வரும். நிலத்திலிருந்து ஏறும், மழையால் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ இறங்கும், அல்லது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த இடத்தில் படியும். நிலத்திலிருந்து ஏறுவது தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வந்து, அங்கே படுக்கையாக ஒரு கறைக் கோடு போட்டு நிற்கும். வெள்ளையாக உப்புப் பூக்கும், விரலால் தேய்த்தால் சாந்து மாவாக உதிரும். உப்பு கூடிய அந்தப் பகுதியில் கறுப்புப் பூஞ்சணம் பெரிதாக வராது. மழைத் தண்ணீர் கசிந்தால் ஒவ்வொரு மழைக்கும் திட்டுப் பெருக்கும், காய்ந்த பிறகு விளிம்பில் மண்ணிற வளையம் தங்கும். காற்று ஈரம் அறை மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்பு, பச்சைப் புள்ளிகளாக வரும்.

சந்தேகம் என்றால் ஒரு சின்னப் பரிசோதனை. சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, சுவரைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்று ஈரம். கழற்றும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஈரமாக இருக்கும் வீடுகளும் உண்டு, அவர்களுக்கு வேலையும் இரண்டு. மழைக் காலத்திலேயே இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். கோடையில் ஒட்டினால் தாள் காய்ந்துபோய் நல்ல பிள்ளையாக இருக்கும்.

நிலத்திலிருந்து ஏறும் ஈரம்

இங்கேதான் காசு கூடுதலாக வீணாகிறது. எங்கள் பக்கம் நடைமுறையில் இருக்கும் வழிகள் பெயின்ட், டைல்ஸ், ஈரம் தடுக்கும் மருந்து கலந்த சீமெந்துப் பூச்சு, சுண்ணாம்பு, சுவரில் துளைபோட்டு மருந்து ஏற்றுவது, வெளியே மண்வேலை ஆகியவை.

பெயின்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. உள்ளிருந்து வரும் தண்ணீரை உள்பக்கத்தில் பூசும் மெல்லிய தோல் தடுக்காது. அடுத்த மாரிக்குக் கொப்புளம் வரும். அதற்கு முன் ஜிப்சம் புட்டி தடவியிருந்தால் இன்னும் மோசம். நனைந்த புட்டி இளகி, பெயின்டையும் இழுத்துக்கொண்டு விழும்.

டைல்ஸ்தான் இப்போது நாகரிகம். உள்பக்கம் மூன்று நான்கு அடிக்கு ஒட்டிவிட்டால் வடிவாக இருக்கும், கழுவலாம், பிள்ளைகள் கிறுக்கினாலும் துடைக்கலாம். குசினிக்கும் குளியலறைக்கும் அது சரி. ஈரம் ஏறும் சுவருக்கு அதை ஒட்டினால், முன்பு அறைக்குள் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த தண்ணீருக்கு வழி அடைபடும். அது மேலே ஏறும். டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு மேலே புதிதாக ஒரு ஈரக் கோடு வரும், ஒன்றிரண்டு மாரி போனால் சில டைல்ஸைத் தட்டிப் பார்க்க உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்கும். ஆரையம்பதியில் ஒரு வயதான மேசன் இப்படிச் சொன்னார்: "காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாத்துற மாதிரித்தான் மனே இது." இதற்குமேல் நான் என்ன சொல்ல.

மருந்து கலந்த சீமெந்துப் பூச்சுக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. பழைய சாந்தைக் கறைக் கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை கல் தெரியக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, பிறகு பூசினால் சில வருடம் அறை உலர்ந்திருக்கும். உள்பக்கம் மட்டும் பூசி, வெளிப்பக்கத்தைத் தண்ணீர் ஆவியாக விட்டுவைத்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் கெட்டிச் சீமெந்தால் மூடினால் டைல்ஸின் கதைதான் திரும்பவும். கடல் மணலைக் கழுவாமல் கலக்கும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அத்திவாரம் முழுக்கக் காய்ந்தாலும் மழைக் காற்று அடிக்கிற நாளில் அந்தச் சுவர் கசியும். வேலைக்கு முன் மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், மேசன் சிரித்தாலும் பரவாயில்லை.

சுண்ணாம்பு இப்போது ஏழை வீட்டுச் சாமான் என்றாகிவிட்டது. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். உள்ளே வந்த தண்ணீர் அதன் வழியே ஆவியாகிப் போகும், பூச்சும் கொப்புளிக்காது. அதன் காரத்தன்மை கூட என்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. பழைய செங்கல் வீடு என்றால் சீமெந்தைவிடச் சுண்ணாம்புச் சாந்துதான் அந்தச் சுவருக்கு ஒத்துவரும். குறையும் சொல்ல வேண்டும். சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும், வருடா வருடம் அடிக்க வேண்டும், பிளாஸ்ரிக் பெயின்ட் அடித்த சுவரின் மேல் அது பிடிக்காது; பழையதை முழுக்கச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த மேசனும் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும், வெளிச்சுவரின் அடிப்பகுதிக்கும் குசினிக்கும் சுண்ணாம்பையே நான் சொல்வேன். மெல்லியதாகக் கரைத்து மூன்று தரம் அடிக்க வேண்டும். தடிப்பாக ஒரே தரம் அடித்தால் வெடித்து உரியும்.

துளை போட்டு மருந்து ஏற்றுவது இவற்றில் ஆகச் செலவானது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே போகும் சாந்து வரியில், நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, சிலிக்கன் சேர்ந்த பசையை ஏற்றுவார்கள். அது சாந்துக்குள் பரவித் தண்ணீரை ஏறவிடாது தடுக்கும். செங்கல் சுவரில் சரியாகச் செய்தால் வேலை செய்யும் முறைதான். ஆனால் எங்கள் பக்கம் பல வீடுகள் சீமெந்துக் கல்லில் கட்டியவை. கல்லுக்குள் வெற்றிடம் இருந்தால் பசை பரவாமல் அதற்குள் போய்த் தங்கும். மருந்து ஏற்றிய பிறகும் உப்பேறிய பழைய சாந்தைக் கொத்திப் புதிதாகப் பூசத்தான் வேண்டும், அந்தச் செலவை விலை பேசும்போது பலர் சொல்வதில்லை. "எந்தக் கல்லில் கட்டிய சுவர்?" என்று கேட்காமலே விலை சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இனி மண்வெட்டிக்கு வருகிறேன். கட்டும்போது அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாதபடி ஒரு தடுப்புப் படை போடுவார்கள், மேசன்மார் டிபிசி என்பார்கள். வெளி நிலமட்டம் அதற்குக் கீழே அரை அடியாவது இருக்க வேண்டும். நடப்பது வேறு. 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு வளவுக்கு மண் கொட்டி உயர்த்துகிறோம். ரோட்டை உயர்த்திக் கொங்கிறீட் போட்டால், தண்ணீர் உள்ளே வருமே என்று இன்னும் இரண்டு லோட் கிறவல். உயர்வது வளவு, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைசியில் அந்தத் தடுப்பு மண்ணுக்குள் புதைந்துபோய், ஈரம் அதைத் தாண்டி நேரே சுவருக்குப் போகிறது. வெளியே நின்று பார்த்தால் விளங்கும்: முன்பு மூன்று படி ஏறிய வாசலில் இப்போது ஒரு படிதான் தெரியும்.

இதற்குச் செய்ய வேண்டியது, சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மண்ணை எடுத்துத் தடுப்பு வெளியே தெரியும்படி இறக்குவது. பிறகு சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி சீமெந்துத் தளமோ, சல்லிக்கல் நிரப்பிய வாய்க்காலோ போட்டு, தண்ணீர் தேங்காமல் வடிகானுக்குப் போக வழி விடுவது. கூலி ஒன்றிரண்டு ஆட்களுக்குச் சில நாள், டைல்ஸ் செலவோடு பார்த்தால் கொஞ்சம்தான். அயல் வளவு உயரமாக இருந்து தண்ணீர் உங்கள் பக்கம் வடிந்தால் இது பாதி வேலைதான். வேலிப் பக்கமும் ஒரு வாய்க்கால் வேண்டும், அயலவரோடு ஒரு கதையும் வேண்டும்.

இதோடு சேர்த்துக் கூரைத் தண்ணீரை வாங்கும் பீலி. ஷீட் கூரையின் தாழ்வாரத்திலிருந்து விழும் மழை மண்ணில் அடித்துத் தெறித்துச் சுவரை இரண்டடிக்கு நனைக்கும். கீழிருந்து ஏறும் ஈரம் என்று நினைக்கும் பல கறைகள் இந்தத் தெறிப்புத்தான். சுவர் அடியில் மண் தெறித்த செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எந்த மருந்துக்கும் முன்னால் பீலி போடுங்கள், ஏற்கெனவே இருந்தால் ஐப்பசிக்கு முன் அதிலுள்ள முருங்கை இலையை வாரி எறியுங்கள்.

மேலிருந்து வருவது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், காரணம் கண்ணுக்குத் தெரியும். ஓடு உடைந்தால் மாற்றுவது, ஷீட்டில் ஆணித் துளையை அடைப்பது, யன்னல் மேல்தட்டின் விளிம்பில் தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு போடுவது. கொங்கிறீட் பிளேட் கூரை போட்ட வீடு என்றால் மேலே தண்ணீர் தேங்கும் இடத்தைச் சாந்தால் சரிவாக்கிய பிறகே தடுப்புப் பூச்சு. தேங்கும் தண்ணீரின் மேல் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்பதில்லை. அஸ்பெஸ்டஸ் ஷீட்டில் பாசி பிடித்தால் கம்பிப் பிரஷால் உலர்ச் சுரண்டல் கூடவே கூடாது. அந்த நார்த் தூசி நுரையீரலுக்குக் கெடுதி, அது வருடங்கள் கழித்துத்தான் காட்டும்.

காற்று ஈரமும் கறுப்புப் பூஞ்சணமும்

மார்கழியில் அலுமாரியைத் திறந்தால் மடித்து வைத்த மருதமுனைச் சாரத்தின் மடிப்பில் சாம்பல் நிறப் பொட்டுகள், தோல் பெல்ட்டில் வெள்ளை மாவு, சுருட்டி வைத்த பன்பாயில் ஒரு மக்கல் வாடை. இதற்கு அத்திவாரம் காரணமில்லை. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாள் காயாமல் கிடந்தாலே பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். வீட்டுக் காற்றின் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். எங்கள் மாரியில் வெளிக்காற்றே அதைத் தாண்டி நிற்கும்.

அதனால்தான் "யன்னலைத் திறந்து விடுங்கள்" என்ற பொது அறிவுரை இங்கே பாதிதான் சரி. மழை தூறும் விடியற்காலையில் திறந்தால் வெளி ஈரம் உள்ளே வரும். வெயில் எட்டிப் பார்க்கும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து ஃபேனையும் போடுவதுதான் பலன் தரும். குசினியிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் சின்ன ஃபேன் ஒன்று, விலைக்கு நல்ல பயன். ஒரு தரம் தோய்த்த உடுப்பு முழுவதையும் அறைக்குள் காயப்போட்டால் ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீர் அந்தக் காற்றுக்குள்தான் போகும். விறாந்தையில் கொடி கட்டுங்கள். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள், இதற்குச் செலவே இல்லை.

ஏசி வாங்கினால் ஈரம் போகும் என்று சொல்வார்கள். ஓடும் நேரத்தில் அது ஈரத்தை எடுப்பது உண்மைதான். ஆனால் வெளியே 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, 26 பாகைக்குக் குறைந்த எந்தப் பரப்பில் பட்டாலும் வியர்க்கும். அறையை 20 பாகைக்குக் குளிர்வித்துவிட்டுக் காலையில் நிறுத்திக் கதவைத் திறந்தால் குளிர்ந்த சுவர் முழுக்க அந்தக் காற்றின் ஈரம் படியும். ஏசி போட்ட அறையில் பூஞ்சணம் கூடியது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. 26, 27 பாகையில் ஓடவிட்டால் இந்தத் தொல்லையும் குறையும், பில்லும் குறையும். பூட்டி வைக்கும் ஓர் அறைக்கு, புத்தகம், பட்டுச்சேலை, பத்திரங்கள் இருக்கும் அறைக்கு, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஏசியை விடப் பொருத்தம். 300 வாட் இயந்திரம் பத்து மணிநேரம் ஓடினால் மூன்று யூனிட் கரண்ட். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் வாவிக்காற்றைக் காயவைத்துக்கொண்டிருப்பீர்கள். கிண்ணத்தில் உப்பு, மூலையில் கரி என்பதெல்லாம் மனத்திருப்திக்கு.

வந்துவிட்ட பூஞ்சணத்தைக் கழுவுவதிலும் தெரிவு உண்டு. சாதாரண சவர்க்காரத் தண்ணீரும் தேய்ப்பும் பல இடங்களுக்குப் போதும். வீட்டுப் பிளீச் என்றால் ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு தண்ணீர். டைல்ஸிலும் கண்ணாடியிலும் நன்றாக வேலை செய்யும், சாந்துச் சுவரிலோ மேற்பரப்பு வெளுக்கும், உள்ளே ஊறியது தங்கிவிடும். வினாகிரியும் பூஞ்சணத்தை அழிக்கும், ஆனால் சுண்ணாம்புச் சுவரை அரிக்கும். பிளீச்சோடு வினாகிரியையோ கழிவறை கழுவும் அசிட்டையோ அமோனியா சேர்ந்த எதையுமோ கலக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும். உலர்ந்த துணியால் தட்டித் துடைத்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். நனைத்துத் துடையுங்கள், மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள். பூஞ்சணத்தைத் தடுக்கும் பெயின்ட் இதற்கெல்லாம் பிறகு வருவது. கழுவிக் காய்ந்த சுவரில் குளியலறைக்கு அது உதவும், ஈரம் வந்துகொண்டே இருக்கும் சுவரில் காசுக்குக் கேடு.

வீட்டில் முட்டு, இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் இந்தப் பகுதியை முதலில் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் மூச்சு நோய்க்குறிகளும் ஆஸ்துமாவும் கூடுதல் என்கிறது. இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவையும் அது தரவில்லை.

எப்போது செய்வது

எந்த வழியைத் தெரிந்தாலும் காலம் பிழைத்தால் காசு போகும். பொங்கலுக்கு வீடு வெளிக்க வேண்டும் என்று மார்கழியில் பெயின்ட் அடிக்கிறோம். வருடத்திலேயே சுவர் ஆகக் கூடுதலாக நனைந்திருக்கும் நேரம் அது. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதால், 2026 இல் மார்ச்சில் வரும் அது 2031 அளவில் ஜனவரிக்குள் வந்துவிடும். காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கத்து ஆட்களும் இதை யோசிக்க வேண்டிவரும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு வருகிறதே, அதற்கு வெள்ளை அடிப்பதுதான் சுவருக்கு ஏற்ற நேரம். சித்திரையில் சாந்தைக் கொத்திவிட்டு, சுவரை வெறுமையாகக் காயவிட்டு, புதிய பூச்சுக்கு ஒரு மாதம் இடைவெளி கொடுத்துக் கோடையில் வீசும் கச்சான் காற்றில் பெயின்ட் அடியுங்கள். பொங்கலுக்குக் கழுவித் துடைத்துக் கோலம் போட்டால் போதும், சூரியன் கோபிக்காது.

வெள்ளம் ஏறி இறங்கிய வீட்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும். வயரிங்கைச் சரிபார்த்த பிறகே கரண்ட். சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, நீர் நின்ற மட்டம் வரை பழைய பெயின்டைச் சுரண்டிச் சுவரைத் திறந்துவிடுங்கள். வாரக்கணக்கில் காய வேண்டும். நிவாரணக் காசு கையில் வந்த கையோடு பெயின்ட் வாங்குவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் அதே காசில் பீலியும் வடிகாலும் வரும்.

கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் என் வரிசை இது: சுவரடி மண்ணை வெட்டித் தாழ்த்தல், பீலி, அலுமாரியை நகர்த்தல், குளியலறை ஃபேன். அடுத்த வருடம் ஒரு மாரி பார்த்துவிட்டு, மிஞ்சிய ஈரத்துக்கு மட்டும் பூச்சு. துளை போடும் மருந்து அதற்கும் பிறகு, செங்கல் சுவருக்கு மட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது, அடுத்தவர் வளவில் மண் வெட்ட முடியாதே. வீட்டுக்காரர் "பெயின்ட் அடிச்சுத் தாறன்" என்றால், அந்தக் காசுக்குப் பீலி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், அவருடைய சுவரும் பிழைக்கும். புதிதாக வாடகைக்குப் பார்க்கப் போகிறவர்கள் முடிந்தால் மாரியில் போங்கள். கோடையில் போகிறீர்கள் என்றால், அடிப்பகுதி மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டிய அறையில் டைல்ஸுக்கு மேலுள்ள அரை அடிச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். உப்பு மாவாக ஒட்டினால் வாடகையைக் குறைத்துப் பேசலாம், இல்லாவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.